நாட்டியப் போட்டிக்குப் பேர் குடுக்கப் போன கதை: நெல்லைப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்க

பாளையங்கோட்டை அம்மா:
பிள்ளைகளுக்குக் கலை சொல்லிக்குடுக்கிற அரசு அமைப்பு ஜவகர் சிறுவர் மன்றம், அதோட மாவட்டப் போட்டிக்கு மகளைக் கூட்டிட்டுப் போனேன், அதைச் சொல்லுதேன். 5-8, 9-12, 13-16னு மூணு வயசுப் பிரிவு. பரதநாட்டியம் தனி, கிராமிய நடனம் தனி. மேசையில இருந்த அண்ணாச்சி முதல்ல கேட்டது வயசுச் சான்றுதான். எங்களுக்கு முன்னால நின்ன பிள்ளைக்கு நெத்திச்சுட்டி, ஒட்டியாணம், சலங்கை எல்லாம் ஏறியாச்சு. பிறப்புச் சான்றிதழ் மட்டும் வீட்டு பீரோவுல. அவ அப்பா செல்லுல போட்டோவைக் காட்டுதாரு. "நகல் குடுங்க சார், உங்க செல்லை நான் ஃபைல்ல வைக்க முடியாதுல்லா?"ன்னு அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு, ஆனா அசையல. ஞாயித்துக்கிழமை காலையில ஜெராக்ஸ் கடைக்கு எங்க போக? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒண்ணு திறந்திருக்கவும் அவங்க தப்பிச்சாங்க.

கிராமிய நடனத்துலதான் நிறைய பேரு மாட்டுதாங்க. ஒரு பையன் தலையில கரகம் அசையாம நிக்கி, வந்த வரத்தே அழகு. பென்டிரைவைச் சொருகினா சினிமாப் பாட்டு! நடுவர் கையைக் காட்டி நிறுத்திட்டாரு. பையன் முகம் வாடிப்போச்சு. வேற பிள்ளைக்குத் தவில் வாசிக்க வந்திருந்த அண்ணன், "நீ ஆடுலே, நான் வாசிக்கேன்"னு உக்காந்துட்டாரு. ரெக்கார்டு பாட்டுக்கு ஆடியிருந்தா இவ்வளவு எடுப்பா இருந்திருக்காது. பரிசு வரல, கைதட்டு அவனுக்குத்தான் கூட.

வள்ளியூர்ப் பக்கம், அரசுப் பள்ளி ஆசிரியர்:
பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழாப் போட்டிகள் 2022-23இல் தொடங்கியதிலிருந்து எங்கள் பள்ளியில் பிள்ளைகளைத் தயார் செய்வது என் வேலை. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போக வேண்டும். பெற்றோர் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை, எல்லாம் எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் உள்ள எண்ணை வைத்துத்தான். சிக்கலும் அங்கேதான். நன்றாக ஒயிலாட்டம் ஆடும் பிள்ளை வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தாள். பழைய பள்ளி அவளைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு விடவே இல்லை. நேரில் எங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள், கணினியில் அந்தப் பள்ளி மாணவி! தலைமையாசிரியர் போன் மேல் போன் போட்டுப் பதிவு முடிகிற அன்றைக்குத்தான் பெயர் ஏறியது. ஜூலையிலேயே எமிஸைப் பார்த்துவிடுங்கள். ஒத்திகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சங்கரன்கோவில்காரர்:
எங்க கதை வேற மாதிரி. 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆச்சு. பிள்ளை அதுக்கு முன்னாலேயே பிறந்தவ. சான்றிதழ்ல திருநெல்வேலி மாவட்டம், ஆதார்ல தென்காசி மாவட்டம். ரெண்டையும் பார்த்துட்டு "எந்த மாவட்டத்துல ஆடப் போறீங்க?"ன்னு கேட்டாங்க. இப்போ குடியிருக்கிற முகவரியும் படிக்கிற பள்ளியும்தான் கணக்குன்னு சொல்லி, தென்காசியிலேயே எடுத்துக்கிட்டாங்க. பிள்ளை இங்கதான் படிக்குதுன்னு பள்ளியில ஒரு போனஃபைடு சான்றிதழ் வாங்கி வெச்சுக்கிடுங்க, பேச்சு வளராது.

அம்பாசமுத்திரம், நாட்டியம் படிக்கிறவள்:
பெரியவங்க பிரிவைப் பத்தி யாரும் சொல்லலையே. கலை பண்பாட்டுத் துறை 17லிருந்து 35 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு மாவட்டப் போட்டி வைக்குது. நான் போனப்போ பரிசு 6,000, 4,500, 3,500 ரூபாய். பரதநாட்டியத்துக்கு 3 வர்ணமும் 5 தமிழ்ப் பாட்டும் ஆடுற தகுதி இருக்கணும்னு அறிவிப்புலயே போட்டிருந்தாங்க. மேடையில கிடைக்கிறதோ அஞ்சு நிமிஷம்! வர்ணம்தான் பரதத்துல நீளமான உருப்படி, முழுசா ஆடினா அரை மணி தாண்டுமே. எங்க டீச்சர் அதுல முதல் ஜதிக்கோர்வை (தீர்மானம்னு சொல்லுவோம்), பல்லவியில கொஞ்சம், நேரா சரணம்னு வெட்டிக் குடுத்தாங்க. வெட்டாம வந்த ஒருத்தி அபிநயத்துக்கு வரும் முன்னாலேயே மணி அடிச்சிட்டாங்க. பாவம், அவதான் எங்க எல்லாரையும் விட நல்லா ஆடுவா.

அதே அறிவிப்புல கிராமிய நடனம்னு கரகம், காவடி, மயிலாட்டம், புலியாட்டம், தப்பாட்டம்னு வரிசையா இருந்துது. நம்ம ஊர்க் கணியான் கூத்தை இந்தக் கணக்குல எப்படி அடக்க? கோயில் கொடை விழாவுல விடிய விடிய மகுடம்ங்கிற பறையை அடிச்சுப் பாடுற சாமி கதை. அஞ்சு நிமிஷத்துல கதையில சுடலைமாடன் சாமி பிறக்கவே மாட்டாரு.

தச்சநல்லூர்க்காரர்:
தனியார் நடத்துறதுக்கும் ஒரு வார்த்தை. "உலக சாதனை"ன்னு வாட்ஸ்அப்புல ஃபார்ம் வந்துது. பதிவுக் கட்டணம் கட்டின பிறகுதான் டிஷர்ட்டுக்குத் தனி, மெடலுக்குத் தனின்னு ஆரம்பிச்சாங்க. வெயில்ல நூத்துக்கணக்கான பிள்ளைகளை மைதானத்துல நிறுத்தி ஒரே பாட்டு. போட்டியே கிடையாது, எல்லாருக்கும் சான்றிதழ். நடுவர் யாரு, மார்க்கு எதுக்கு எவ்வளவுன்னு கேட்டா பதில் வராது. "கட்டணம் திருப்பித் தரப்படாது"ங்கிற வரி மட்டும் தெளிவா இருந்துது. மகளுக்கு மெடல் பிடிச்சிருக்கு, அதனால வீட்டுல நான் வாயைத் திறக்கல.

களக்காட்டுக்காரி:
பாளை அக்கா, ஜவகர் மன்றத்துல படிக்கிற பிள்ளைக மட்டும்தான் போகணுமா? எங்க பிள்ளை வீட்டுப் பக்கத்துல ஒரு டீச்சர்கிட்ட கத்துக்கிடுதா.

பாளையங்கோட்டை அம்மா:
எங்க பிள்ளையும் வெளியில படிக்கிறவதான் தாயி, நேராப் போய்த்தான் பேர் குடுத்தோம். சான்றிதழ் நகல் ரெண்டு எடுத்துக்கோங்க. பாட்டை ரெண்டு பென்டிரைவ்ல ஏத்துங்க, அதுல வேற ஒண்ணும் இருக்கக் கூடாது. காலையில சீக்கிரமே போயிருங்க, களக்காட்டுல இருந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தா நேரம் ஓடிரும்.