2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியபோது மும்பையில் உங்கள் அக்கம்பக்கத்தார் எப்படி நடந்துகொண்டார்கள்?

கேள்வி (செம்பூர்):
மார்ச் 22 அன்று மாலை 5 மணிக்கு மருத்துவப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லத் தட்டுகளை ஒலித்த எங்கள் கட்டடத்தினரே, அடுத்த வாரம் நான்காம் மாடியில் வாடகைக்கு இருந்த செவிலியரை லிஃப்டில் ஏற வேண்டாம் என்று தடுத்தார்கள். அது என்னை இன்றும் வருத்துகிறது. உங்கள் பகுதியில் என்ன கண்டீர்கள்?

பதில் (மாட்டுங்கா):
மார்ச் 24 இரவு 8 மணிக்கு ஊரடங்கு அறிவிப்பு தொடங்கியதுமே மளிகைக் கடையில் கூட்டம் முண்டியடித்தது. கடைக்காரர் ஒரு வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசிதான் என்று உறுதியாக நின்றதால்தான் கடைசியில் வந்த முதியவருக்கும் கிடைத்தது.

பதில் (தாராவி):
ஏப்ரல் 1 அன்று இங்கே முதல் தொற்று உறுதியானது. தள்ளி நில்லுங்கள் என்றார்கள். ஒற்றை அறையில் ஏழு பேர் உறங்கி, விடிந்ததும் பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்பவர்கள் எங்கே தள்ளி நிற்பது? திருநெல்வேலிக்குப் போய்விடலாம் என்றால், மார்ச் 22 நள்ளிரவோடு ரயில்கள் நின்றுவிட்டன. ஆனாலும் எங்கள் சந்தில் காய்ச்சல் கண்ட வீட்டின் வாசலில் யாராவது ஒருவர் தினமும் கஞ்சி வைத்துவிட்டுப் போனார்.

கேட்டவர் (செம்பூர்):
நன்றி ஐயா. அந்தச் செவிலியருக்காக அன்று நான் பேசியிருக்க வேண்டும்.