கட்டட அனுமதிப் பதிவுகளைப் பார்த்து வேலை பிடிப்பது எப்படி?

கேள்வி: ஈரச்சுவர்

பெயின்டிங், வாட்டர்புரூஃபிங் இரண்டையும் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறோம். எங்கள் உள்ளாட்சி அலுவலகம் கட்டட அனுமதிப் பட்டியலை வாராவாரம் வலைதளத்தில் ஏற்றுகிறது. அனுமதி கிடைத்த வாரமே உரிமையாளர்களுக்குக் கடிதம் போட்டும் பதில் வருவதில்லை. பட்டியலில் எதைக் கவனிக்க வேண்டும், எப்போது போக வேண்டும்? அதில் போட்டிருக்கும் கட்டுமானச் செலவு மதிப்பீட்டுத் தொகையை வைத்துப் பெரிய வேலைகளைப் பிரித்தால் சரியாக இருக்குமா?

பதில் 1: சாரம்கட்டி

கடிதம் போகிற நேரம்தான் கோளாறு. அனுமதி கைக்கு வந்த வாரம் வீட்டுக்காரர் வானம் தோண்டுவதையும் கம்பி, சிமெண்ட் விலையையும்தான் நினைத்துக்கொண்டிருப்பார். அந்த வாரம் எல்லாத் தொழில்காரர்களின் கடிதமும் ஒன்றாகப் போய் விழும். உங்களுடையதும் அந்தக் கட்டோடு குப்பைக்குப் போய்விடும்.

அனுமதித் தேதியை வேலை தொடங்கிய தேதி என்று எடுக்காதீர்கள். பணம் புரளாமல் மாதக்கணக்கில் கிடக்கும் மனைகள் உண்டு. உங்கள் ஊர்ப் பதிவில் அஸ்திவாரம், தளக் கம்பி ஆய்வுகளின் தேதி இருந்தால் அதிலிருந்து நாள் எண்ணுங்கள். இல்லையென்றால் சைட்டை ஒரு நடை பார்த்துவிடுவதுதான் வழி.

வாட்டர்புரூஃபிங்குக்கு முந்திக்கொள்ள வேண்டும். குளியலறைப் பள்ளத் தளத்தில் (குழாய் போவதற்காகத் தாழ்த்திப் போடும் தளம்) குழாய் போட்டு நிரப்புவதற்கு முன்னால் வாட்டர்புரூஃபிங் பூச்சு முடிந்து, தண்ணீர் கட்டிக் குறைந்தது 24 மணி நேரம் கசிவு பார்த்திருக்க வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு போய் நின்றால், எல்லாவற்றையும் உடைக்கச் சொல்கிற ஆளாகத்தான் தெரிவீர்கள். மேல்தளத்துக்கு சென்ட்ரிங் (கான்கிரீட் தாங்கும் பலகை, முட்டு) அடிக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிடுங்கள்.

பெயின்டிங்குக்குச் சரியான நேரம் சுவருக்கு சிமெண்ட் பூச்சு வேலை தொடங்கும் வாரம். சிமெண்ட் பூச்சு காய ஏறக்குறைய 4 வாரம் ஆகும். கொட்டேஷன், மாதிரி நிறம், பேரம் எல்லாம் அந்த இடைவெளியில் முடிந்துவிடும். ஈரம் காயாமல் பெயின்ட் ஏறினால் திட்டுத்திட்டாக வெளுத்து உரியும். இதைக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதுங்கள், படிப்பவருக்குப் பயன்படும்.

பதில் 2: வரிசைஎண்

மதிப்பீட்டுத் தொகையை நம்ப வேண்டாம். அந்தத் தொகையை வைத்துக் கட்டணம் போடும் இடங்களில் குறைத்துத்தான் காட்டுவார்கள். கட்டடப் பரப்பைப் பாருங்கள். உள்சுவரும் சீலிங்கும் சேர்ந்து தரைப் பரப்பைப் போல் சுமார் மூன்றரை மடங்கு என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. வேலையின் அளவை ஊகிக்க இது போதும், கொட்டேஷன் கொடுக்க நேரில்தான் அளக்க வேண்டும்.

பட்டியலின் ஒரு வரியை இப்படிப் படியுங்கள்: 'புதுக் கட்டடம், தரை + 1, குடியிருப்பு 2, பரப்பு 2,400 சதுர அடி, ஒப்பந்ததாரர் காலி, நிலை: வழங்கப்பட்டது.' குடியிருப்பு 2 என்றால் சமையலறை 2, குளியலறை பெரும்பாலும் 4. ஆக, வாட்டர்புரூஃபிங்குக்கு நான்கு பள்ளத் தளமும் ஒரு மொட்டை மாடியும். பெயின்டிங்குக்கு உள்பக்கம் மட்டும் ஏறக்குறைய 8,400 சதுர அடி.

எக்ஸெல்லில் போடும்போது ஒரே கட்டடம் நாலு அனுமதி எண்ணில் வரும்: இடிப்பு, புதுக் கட்டுமானம், மின்சாரம், குழாய். திருத்திய பிளானுக்கு ஐந்தாவதாக ஒன்று வரலாம். தெருப்பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள் என்பதால் முகவரியை வைத்து இரட்டைப் பதிவை நீக்க முடியாது. மனை எண்ணையோ சர்வே எண்ணையோ ஒப்பிடும் அடையாளமாக வையுங்கள். ஆனால் நீக்குவதற்கு முன் மின்சார, குழாய் வரிகளைப் படித்துவிடுங்கள். அதில் ஒரு துப்பு இருக்கும், கீழே யாராவது கேட்டால் சொல்கிறேன்.

இடிப்பு அனுமதிகளைத் தனித் தாளில் வையுங்கள். பழைய வீட்டை இடிக்கிறவர் பெரும்பாலும் அதே மனையில் கட்டப்போகிறார், புது விண்ணப்பம் வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஈரச்சுவர்

நன்றி சார். ஒப்பந்ததாரர் கட்டம் காலியாக இருந்தால் என்ன அர்த்தம்? அந்தத் துப்பையும் சொல்லிவிடுங்கள்.

பதில் 3: வரிசைஎண்

காலி என்றால் மூன்றில் ஒன்று: இன்னும் ஆள் முடிவாகவில்லை, உரிமையாளரே மேஸ்திரி வைத்துக் கட்டுகிறார், அல்லது விண்ணப்பத்தில் நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள். மின்சார அனுமதி வரியில் எலக்ட்ரீஷியன் பெயர் இருக்கும். அவர் வழக்கமாக எந்த பில்டரோடு வேலை செய்கிறார் என்று பழைய பதிவுகளில் தேடினால் மெயின் கான்ட்ராக்டர் யார் என்று பெரும்பாலும் பிடிபடும். உரிமையாளரே கட்டுகிறார் என்றால் நேரே அவரிடம் பேசுங்கள், பெயின்ட் முடிவு அவர் கையில்தான்.

பதில் 4: மூலைமட்டம்

முக்கியமானது விட்டுப்போகிறது. உரிமையாளர் ஒரு வீடுதான் கட்டுவார். கடைசி 12 மாதப் பதிவை எடுத்து, பிளானில் கையெழுத்திட்ட ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் பெயர் வாரியாக எண்ணிப் பாருங்கள். சில பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் பத்துப் பேரை நேரில் பார்ப்பது நூறு கடிதத்தைவிட மேல். மெயின் கான்ட்ராக்டர்களையும் அப்படியே எண்ணுங்கள், அவர்களுக்கு சப்-கான்ட்ராக்ட் ஆள் எப்போதும் வேண்டும். விண்ணப்பதாரர் என்று இருப்பவர் சில நேரம் பிளான் போட்டுக்கொடுக்கும் ஏஜென்ட். அவரை உரிமையாளர் என்று நினைத்துப் பேசிவிடாதீர்கள்.

கடிதத்தில், 'பொதுப் பதிவில் உங்கள் அனுமதி விவரம் பார்த்தோம்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். முன்பின் தெரியாத ஆளுக்குத் தன் வீட்டு விவரம் எப்படித் தெரிந்தது என்ற பயம் நியாயமானது. அலுவலகத்திலிருந்து வருவதுபோல் தோன்றும் உறையோ முத்திரையோ கூடாது. போனில் அழைப்பதற்கு முன் விளம்பர அழைப்புக்கான உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். பதிவு பொதுவில் கிடைப்பதால் மட்டும் அழைக்கும் உரிமை வந்துவிடாது. வேண்டாம் என்றவர் வரியில் அன்றே குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த வாரப் பட்டியலில் குழாய் அனுமதி எண்ணோடு அதே பெயர் மறுபடி வரும், கடிதமும் மறுபடி போகும்.