தர்மம் கடமை என்றால் அதை அரசே வரியாக வசூலிக்கலாமா?

கேள்வி:
ஏழைக்குக் கொடுப்பது கடவுள் இட்ட கடமை என்பவர்களே, சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்றும் சொல்கிறார்கள். எப்படி ஒத்துப்போகும்? கடமைதானே, சட்டமாக்கிவிட்டால் என்ன?

பதில் 1:
பாகிஸ்தான் செய்து பார்த்தது. 1980இல் ஜகாத்தை, அதாவது வசதியுள்ள முஸ்லிம்கள் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய கட்டாய தர்மத்தை, சட்டமாக்கி, சேமிப்புக் கணக்கிலிருந்து 2.5 சதவீதத்தை வங்கியே பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்தார்கள், உடனே ஷியா முஸ்லிம்கள் எங்கள் மார்க்கச் சட்டம் வேறு என்று இஸ்லாமாபாதில் திரண்டு போராடி விலக்கு வாங்கினார்கள். அரசு கைவைத்தால் யாருடைய விளக்கம் சரி என்ற சண்டைதான் முதலில் வரும்.

பதில் 2:
சரி, தர்மத்தை விடுங்கள். கூலி? 1891இல் போப் பதின்மூன்றாம் லியோ எழுதிய சுற்றுமடல் தனிச்சொத்துரிமையை அழுத்தமாக ஆதரிக்கிறது, அதே மடல்தான் தொழிலாளி சம்மதித்துவிட்டான் என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாக வாழ்பவனுக்காவது அது போதுமானதாக இருக்க வேண்டும் என்கிறது. பசியில் இருப்பவன் எந்தக் கூலிக்கும் தலையாட்டுவான், அதைச் சுதந்திரம் என்று எப்படிச் சொல்வது?

கேட்டவர்:
அப்படியானால் குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் வேண்டும், தர்மத்துக்கு வேண்டாம் என்கிறீர்களா?

பதில் 2:
ஆமாம். கூலி அவனுக்குச் சேர வேண்டிய பாக்கி, அதை வாங்கித் தருவது அரசின் வேலை. தர்மம் கொடுப்பவர் மனதைப் பொறுத்தது.