லகூனுக்குள்ள பாசி மிதவை போட்டா மீன் கூடுமா?

மாஹேபூர்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவோட சின்ன போட்ல தூண்டில் போடுறேன். 2020ல இங்க மொரிஷியஸ்ல வகாஷியோ கப்பல் எண்ணெய் கொட்டினப்போ மாசக்கணக்கா போட் கரையிலயே கிடந்துச்சு, அந்தக் கடன் இன்னும் முடியல. இப்போ டொராடோ மீன் வேணும்னா பெட்ரோல் ஊத்திக்கிட்டு, மீன் கூடுறதுக்குன்னு வெளிக்கடல்ல போட்டிருக்குற மிதவை வரைக்கும் ஓடணும். மூங்கில் சட்டத்துல கொமோன் (கடல்பாசி) கட்டி லகூன்லயே, அதான் பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்குற கரையோரக் கடல்லயே, மிதக்கவிட்டா மீன் கூடுமா? யாராவது செஞ்சு பாத்திருக்கீங்களா?

கிராங்கோப்_பெரியப்பா:
வரும் தம்பி, சந்தேகமே வேணாம். எங்கப்பா காசியே கூண்டுல ஒரு கைப்பிடி கொமோன் அடைச்சுதான் இறக்குவாரு, கொர்தொனியே பாசி தின்னி மீன், தேடி வந்து விழும். மிதக்குற பாசியை ஒரு தடவ போட்ல உதறிப் பாரு, கடுகு கடுகா இறாலும் நண்டுக்குஞ்சும் கொட்டும், அதைத் தின்ன பொடிமீன் வருது, பொடிமீனைத் தொரத்திக்கிட்டு பெருசு வருது.

ஆனா லகூன்ல வேணாம்யா. மிதவை மீனை உண்டாக்காது, இருக்குறதை ஒரே இடத்துல கூட்டிக் குடுக்கும் அவ்ளோதான். குஞ்சு வளர்ற இடத்துல அதைக் கூட்டி வச்சா எவனாவது ராத்திரி வலை போட்டு வாரிட்டுப் போயிடுவான். பெரிய வலைக்கு அக்டோபர் 1லருந்து பிப்ரவரி கடைசி வரைக்கும் தடை இருக்கே, அது மீன் பெருகட்டும்னுதானே. பாறைக்கு வெளிய போடு, தூண்டில் மட்டும் போடு. ஆல்பியன் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல மொதல்ல கேளு, 1985லருந்தே இங்க வெளிக்கடல்ல மிதவை போடுறாங்க, ஆழம் நீரோட்டம் எல்லாம் அவங்களுக்கு அத்துபடி.

பாம்பன்_பொண்ணு:
நான் பாம்பன்ல பொறந்து ரோஸ்ஹில்லுக்கு மருமகளா வந்தவ, எங்கம்மா முங்கி பாசி எடுத்து எங்களைப் படிக்க வச்சாங்க. தம்பி, எந்தப் பாசின்னு பாத்து கட்டுங்க. எங்க பக்கம் வளர்ப்புக்குன்னு வெளியிலருந்து வந்த கப்பாபைகஸ், குருசடைத் தீவுல பவளப்பாறை மேலயே ஏறிப் படர்ந்துடுச்சு, 2008லயே அதைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு. அதனால இங்க தானா வளர்றதுல, அறுந்து மிதந்து வர்றதை மட்டும் எடுங்க, பாறையிலருந்து பிய்க்காதீங்க. நைலான் கயிறும் வேணாம், அறுந்து போனா ஆமை கழுத்துல சுத்திக்கும். தென்னைநார் கயிறு கட்டுங்க, போனாலும் மக்கிடும்.

மாஹேபூர்_தம்பி:
ரொம்ப நன்றி பெரியப்பா, நன்றிக்கா. லகூன் எண்ணத்தை விட்டுட்டேன், திங்கக்கெழம ஆல்பியன் போறேன். நார்க்கயிறு உப்புத்தண்ணில எவ்ளோ நாள் தாங்கும்க்கா?

பாம்பன்_பொண்ணு:
நைலான் மாதிரி வருஷக்கணக்கா வராது தம்பி. மாசத்துக்கு ஒருக்கா முடிச்சை அழுத்திப் பாருங்க, விரலுக்கு மெத்துனு வந்தா அன்னிக்கே மாத்திடுங்க.