மஞ்சள் கோர் எல்லாம் 6ஆம் மிக்ஸ் ஆகிவிடாது

பழைய வால்வு:
ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் 40 மீட்டர் பேண்டுக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, லோ பாஸ் ஃபில்டர் (டிரான்ஸ்மிட்டரிலிருந்து வரும் வேண்டாத மேல் அதிர்வெண்களை வெட்டுவது) கட்ட எந்த டோராய்டு (கம்பி சுற்றும் வளையக் கோர்) வாங்கலாம் என்று கேட்டிருந்தார். கழிவுக்கடை என்ற பெயரில் எழுதுபவர் அவருக்குச் சொன்ன பதில் இது: "எதற்கு வீண் செலவு? செத்துப்போன கம்ப்யூட்டர் பவர் சப்ளையைத் திறங்க, உள்ளே மஞ்சள் இரும்புத்தூள் வளையம் இருக்கும். மஞ்சள்னா 6ஆம் மிக்ஸ், அதாவது கோரின் கலவை. 50 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் தைரியமா ஓட்டலாம்." படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்த வளையத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள் ஐயா, ஒரு முகம் வெள்ளையாக இருக்கும். மஞ்சளோடு ஒரு முகம் வெள்ளை என்றால் அது 26ஆம் மிக்ஸ். அதன் பர்மியபிலிட்டி (காந்தப்புலத்தை ஏற்கும் திறன்) 75, 6ஆம் மிக்ஸுக்கு வெறும் 8.5. டிசி போகிற வழியில் சிற்றலையை அடக்குவதற்காகச் செய்த சரக்கு அது. 7 மெகாஹெர்ட்ஸை அதற்குள் விட்டால் ஆன்டெனாவுக்குப் போகவேண்டியதில் ஒரு பங்கு கோரைச் சூடாக்கத்தான் போகும்.

கழிவுக்கடை:
தூக்கம் வராததற்கு என் கோர் காரணமில்லை, உங்கள் வயது காரணம். என் வளையத்தில் வெள்ளை கிடையாது. நாலு பக்கமும் மஞ்சள். அதில் ஃபில்டர் கட்டி 5 வாட்டில் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். கட்டாதவர்கள் பேசுகிறார்கள், கட்டியவன் ஆன் ஏரில் இருக்கிறேன்.

பழைய வால்வு:
வளையத்துக்கு ஏதப்பா நாலு பக்கம்? இதிலேயே நீங்கள் அதை எவ்வளவு லட்சணமாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டது. வெள்ளை முகம் கீழே இருக்கும். போர்டில் பசை வைத்து ஒட்டியிருப்பார்கள், அந்தப் பசைக்கு அடியில் இருக்கும். கழற்றிப் பாருங்கள்.

நானோஹென்றி:
இரண்டு பேரும் பெயிண்டைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள். மைக்ரோமெட்டல்ஸ் வைத்த நிறக்குறி அது. அவர்கள் கோரில் அது சரியாக இருக்கும், வேறு யாரோ செய்த கோரில் என்ன நிறம் பூசினார்கள் என்று யாருக்குத் தெரியும்? நிறத்தைப் பார்த்துக் கோர் எடுப்பது, அட்டையைப் பார்த்து ஜாதகம் சொல்வது மாதிரி. கம்பியைப் பத்து சுற்று சுற்றுங்கள், 100 பிகோஃபாரட் கண்டென்சரோடு சேர்த்து எந்த அதிர்வெண்ணில் ரெசொனன்ஸ் (ஒத்ததிர்வு) ஆகிறது என்று அனலைசரில் பாருங்கள், முடிந்தது. பவர் சப்ளையில் வருவது பெரும்பாலும் 27 மில்லிமீட்டர் வளையம், அதாவது டி106 அளவு. 6ஆம் மிக்ஸாக இருந்தால் பத்து சுற்றுக்கு 1.16 மைக்ரோஹென்றி இன்டக்டன்ஸ் வரும், 15 மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே டிப் (ரெசொனன்ஸைக் காட்டும் பள்ளம்) தெரியும். 26 என்றால் 9.3 மைக்ரோஹென்றி, டிப் 5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்கிவிடும். இவ்வளவு வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். நிறமே வேண்டாம்.

பழைய வால்வு:
கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு அது சரி. எனக்குக் கண் இருக்கிறது. வெள்ளை முகத்தைப் பார்த்த உடனே 26 என்று சொல்ல எனக்கு அனலைசர் தேவையில்லை, நீங்கள் எல்லாம் கையில் அனலைசரோடு பிறந்தவர்கள்.

சாலிடர் புகை:
கேள்வி கேட்டது நான்தான் சார். ஃபில்டர் காயிலுக்கு எனக்கு 1.4 மைக்ரோஹென்றி வேண்டும். சிவப்பு வாங்கலாமா, மஞ்சள் வாங்கலாமா? அதை மட்டும் யாராவது சொன்னால் போதும்.

நானோஹென்றி:
டி50-2, சிவப்பு, 17 சுற்று. ஏஎல் மதிப்பு, அதாவது அந்தக் கோர் தரும் இன்டக்டன்ஸ், 100 சுற்றுக்கு 49 மைக்ரோஹென்றி, வேண்டிய மதிப்பை 49ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 100ஆல் பெருக்குங்கள். மஞ்சள் டி50-6 என்றால் ஏஎல் 40, 19 சுற்று வரும். 7 மெகாஹெர்ட்ஸுக்கு இரண்டுமே நன்றாக வேலை செய்யும். பெயரில் இருக்கும் 50 என்பது அரை அங்குல வெளிவிட்டம், கடைசி எண் மிக்ஸ்.

கழிவுக்கடை:
பாருங்கள், மஞ்சளும் நன்றாக வேலை செய்யும் என்று அவரே சொல்லிவிட்டார். நான் என்ன வேறு சொன்னேன்? என்னுடையதில் நாலே சுற்றில் அதே 1.4 வந்துவிட்டது. கம்பியும் மிச்சம், நேரமும் மிச்சம்.

பழைய வால்வு:
நாலு சுற்றா! சொல்லிவிட்டாரே ஐயா தன் வாயாலேயே! 27 மில்லிமீட்டர் வளையம், 6ஆம் மிக்ஸ், 1.4 மைக்ரோஹென்றி என்றால் 11 சுற்று வரணும். 26ஆம் மிக்ஸுக்குத்தான் நாலு வரும். இனி நான் பேசவே வேண்டாம், நாலு சுற்றே பேசிவிட்டது. (ஆனாலும் பேசுவேன்.) பவர் மீட்டருக்கு முன்னால் ஃபில்டரை வைத்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை, டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) பார்த்தீர்களா? 5 வாட் உள்ளே போனால் வெளியே எவ்வளவு வருகிறது?

கழிவுக்கடை:
மூணரை வருகிறது. மீட்டர் பழசு, அது எப்போதும் குறைத்துத்தான் காட்டும். கோர் லேசாக வெதுவெதுப்பாக இருக்கும், அவ்வளவுதான். இன்னொரு தடவை சொல்கிறேன், வெள்ளை இல்லை.

கோஆக்ஸ்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாலு சுற்று என்பதை எப்படி எண்ணினீர்கள்? ஓட்டைக்குள் கம்பி ஒரு முறை நுழைந்தால் அதுவே ஒரு சுற்று. வெளியே தெரிகிற வளைவை எண்ணி நிறைய பேர் ஒன்று தவறவிடுகிறார்கள். அரைச் சுற்று என்று ஒன்று டோராய்டில் கிடையாது. போன மாதம் பழைய வால்வு ஐயா போட்ட படத்தில் 12 சுற்று என்று எழுதியிருந்தார், நான் எண்ணினேன், உள்ளே 11தான் இருந்தது. அப்போதே சொன்னேன், பதிலே இல்லை.

பழைய வால்வு:
பதில் சொல்லும் அளவுக்கு அது கேள்வியே இல்லை. படத்தில் ஒரு சுற்று விரலுக்குப் பின்னால் இருந்தது.

நானோஹென்றி:
விரலா? சரி, அதே படத்தில் இருந்தது சிவப்பு டி200-2, பாலனுக்கு (ஆன்டெனாவைக் கேபிளோடு இணைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்). விரலை விடுங்கள், அதைக் கேட்கிறேன். அந்தக் கோரில் 16 சுற்று போட்டாலும் 3 மைக்ரோஹென்றிதான் வரும், 3.5 மெகாஹெர்ட்ஸில் ரியாக்டன்ஸ் (ஏசிக்குக் காட்டும் எதிர்ப்பு) 70 ஓமைக்கூடத் தொடாது. 50 ஓம் கேபிள் பக்கத்துக்கு அந்த 50ஐப்போல நாலைந்து மடங்காவது வேண்டாமா? பாலனுக்கு இரும்புத்தூள் வேண்டாம், 43, 31 மாதிரி ஃபெரைட் மிக்ஸ் எடுக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அடுத்தவர் மிக்ஸைக் குறை சொல்லும் முன்னால் சொந்த மிக்ஸைப் பாருங்கள்.

பழைய வால்வு:
அதே மாதிரிப் பாலன் ஒன்று 30 வருடமாக மழையிலும் வெயிலிலும் கம்பத்தில் தொங்குகிறது. அதில் நான் பேசாத கண்டம் கிடையாது. ஃபெரைட்டுக்கு நிறமே கிடையாது, கறுப்பாக எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், 43க்குப் பதில் 77ஐக் கொடுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. சிவப்பு என்றால் சிவப்பு. நீங்கள் பேச்சை மாற்றாதீர்கள், இது வெள்ளை முகத்தைப் பற்றிய விவாதம்.

நானோஹென்றி:
ஏன் தெரியாது? பூச்சு இல்லாத ஃபெரைட்டின் மேல் ஓம் மீட்டர் முனைகளை அழுத்திப் பாருங்கள். 77 மாங்கனீஸ் துத்தநாக வகை, கிலோ ஓம் கணக்கில் ஏதாவது காட்டும். 43 நிக்கல் துத்தநாகம், மீட்டர் அசையாது. இதற்கும் கண் வேண்டாம்.

பழைய வால்வு:
உங்களுக்கு எதற்குமே கண் வேண்டாம், அதுதான் பிரச்சினை.

கழிவுக்கடை:
சரி, இவ்வளவு சொல்கிறீர்களே என்று கோரைக் கழற்றி அடியில் சுரண்டிப் பார்த்தேன். பசைக்குக் கீழே கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறது. பசை காய்ந்தால் அப்படித்தான் வெளுக்கும். அதை வைத்து யாரும் குதிக்க வேண்டாம்.

பழைய வால்வு:
பசையா! வெள்ளை முகம் என்று முதல் பதிவிலேயே எழுதினேன், பசைக்கு அடியில் என்று இரண்டாவதில் எழுதினேன், இப்போது வெள்ளையும் வந்துவிட்டது, பசையும் வந்துவிட்டது, இன்னும் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். பசையானால் உரிந்து வரும், பெயிண்ட் ஆனால் அப்படியே நிற்கும். பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். போன வருடம் எர்த் கம்பி விஷயத்திலும் இதே மாதிரி படம் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு நீங்கள் காணாமல் போனதை நான் மறக்கவில்லை.

கழிவுக்கடை:
கோரில் ஆரம்பித்து எர்த் கம்பிக்குப் போய்விட்டார். படம் போடுகிறேன், ஆனால் விரலுக்குப் பின்னால் மறைந்தால் என்னைக் கேட்காதீர்கள்.

சாலிடர் புகை:
சார், சிவப்பு டி50-2 வந்துவிட்டது. 17 சுற்று என்றால் கம்பியை முதலில் உள்ளே விடுவதையும் சேர்த்து 17ஆ, அது போக 17ஆ?

கோஆக்ஸ்:
சேர்த்துத்தான். உள்ளே நுழைந்தாலே ஒன்று.

பழைய வால்வு:
தம்பி, சுற்றுவதற்கு முன்னால் அந்தச் சிவப்பைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். வேறு நிறம் ஏதாவது தெரிகிறதா?