30 வருஷ வில்லங்கச் சான்று போதுமா? பழைய வீடு வாங்குறவங்க பார்வைக்கு

பள்ளத்தூரான்:
நேத்து ஒருத்தர் எழுதியிருந்தார்: "காரைக்குடிப் பக்கம் பழைய வீடு வாங்குறவங்க 30 வருஷ வில்லங்கச் சான்று எடுங்க. சுத்தமா இருந்தா கண்ணை மூடிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்." படிச்சு வயிறு எரியுது. பிள்ளைகுட்டியோட காலத்துக்கும் இருக்கப்போற வீடு இது. பதிவான பத்திரம் மட்டும்தான் அந்தச் சான்றில் வரும். நூறு வருஷ வீட்டுக்கு 30 வருஷமா யாரும் எதையும் பதியலைன்னா அது வெள்ளையாத்தான் வரும். வெள்ளையா இருக்குன்னு சுத்தம்னு முடிவு கட்டுறதா?

கல்லுக்கட்டி:
எழுதினது நான்தான், நேரா என்னையே கேட்கலாம். லோன் கொடுக்கிற வங்கியே 30 வருஷம் பார்த்தா போதும்கிறான். பட்டாவும் ஒரே பேர்ல இருந்தா வேற என்ன வேணும்?

பள்ளத்தூரான்:
வரிக்கும் அளவைக்கும் வச்ச பதிவு பட்டா. மூத்தவர் ஊர்ல இருந்தார்னு அவர் பேர்ல போட்டிருப்பாங்க, அதனால தம்பிகள் பங்கு போயிடுமா? அஞ்சு பிள்ளை இருந்த வீட்டில் கூர்சீட்டு, அதான் குடும்பத்துக்குள்ள பங்கு பிரிச்சு எழுதின சீட்டு, எப்படி இருக்கும் தெரியுமா? நோட்டுத் தாள்ல, "வளவில் (உள்முற்றப் பகுதியில்) வடபுறம் முதல் இரட்டை அறை மூத்தவனுக்கு, முகப்பும் கிணறும் பொது." கீழே கையெழுத்து, அவ்வளவுதான். பதிவு கிடையாது. உங்க 30 வருஷத்துல இது எந்தப் பக்கத்துல வரும்?

கல்லுக்கட்டி:
அப்ப ஒரு பங்கை மட்டும் வாங்கி உள்ளே போய்ட்டு, மத்தவங்ககிட்ட மெதுவா பேசி வாங்கிக்கலாமே.

பள்ளத்தூரான்:
இதைச் சொல்லித்தான் ஊரைக் கெடுக்கிறீங்க. குடும்பம் குடியிருக்கிற வீட்டில் பிரிக்காத பங்கை வெளியாள் வாங்கினா கூட்டு அனுபோகம் கேட்க முடியாது. சொத்துரிமை மாற்றச் சட்டம் 44-வது பிரிவைப் படிங்க. பணத்தைக் கொடுத்துட்டு வளவில் ஒரு நாற்காலி போட முடியாது, பாகப்பிரிவினை வழக்குத்தான் போடணும்.

தேவகோட்டை ஆச்சி:
பொண்ணுகளை ரெண்டு பேருமே மறந்துட்டீங்களே. கட்டிக்கொடுத்த பொண்ணு கையெழுத்தும் வேணும் தம்பி.

கல்லுக்கட்டி:
ஆச்சி, 1989-க்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு உரிமை இல்லை. தமிழ்நாட்டுச் சட்டம் தெரிஞ்சுதான் பேசுறேன்.

தேவகோட்டை ஆச்சி:
பாதிதான் தெரிஞ்சிருக்கு. 2005 மத்தியச் சட்டத்துல அந்தப் பாகுபாடு போயிடுச்சு. பூர்வீகச் சொத்துல பொண்ணுக்குப் பிறப்பாலேயே உரிமைன்னு 2020-ல உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. 20.12.2004-க்கு முன்னாடி பதிவான பாகப்பிரிவினையோ கோர்ட் டிக்ரியோ இருந்தா அதைத் தொட முடியாது. வாய்ப்பேச்சுப் பாகம்னா, அதைத் தாங்கிப் பிடிக்கப் பொது ஆவணம் வேணும். அதனாலதான் தனித்தனிப் பேர்ல பழைய வீட்டு வரி ரசீது இருக்கான்னு கேட்கச் சொல்றேன்.

பள்ளத்தூரான்:
சுவீகாரம் (தத்து) போனவரையும் பாருங்க. பெத்த அப்பா இறந்து பங்கு கைக்கு வந்த பிறகு சுவீகாரம் போயிருந்தா, அந்தப் பங்கு அவரோடயே போகும். மலேசியாவிலேர்ந்து பவர் (தன் சார்பா கையெழுத்துப் போட அதிகாரம் கொடுக்கிற பத்திரம்) வருதா? இந்தியா வந்து மூணு மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டியிருக்கணும். கொடுத்தவர் இறந்தா பவரும் அன்னைக்கே முடிஞ்சது, உயிர்ச்சான்று கேளுங்க. இதுல ஒண்ணாவது 30 வருஷச் சான்றில் தெரியுமா?

சுண்ணாம்புக்காளவாய்:
காகிதத்துக்கே இவ்வளவு சண்டை, சுவரை யாரும் பார்க்கலை. விற்கிறதுக்கு முன்னாடி சிமெண்ட் பூசி பெயிண்ட் அடிச்ச வீட்டைத் தொடாதீங்க. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அடைச்சிடும். அடைபட்ட ஈரம் மேலே ஏறி, மூணு நாலு அடி உயரத்துல உப்புப் பூத்துப் பொரிஞ்சு விழும்.

கல்லுக்கட்டி:
சிமெண்ட் பூசினா ஈரம் வராது. ஊரே பூசுது.

சுண்ணாம்புக்காளவாய்:
ஊரே பூசித்தான் ஊரே உதிருது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுவரைக் காயவிட்டு, ஊறவைச்ச சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூணு பங்கு போட்டுப் பூசணும். அதோட, வளவு ஓரத்துல ரெண்டு ஓட்டுச் சரிவும் சேர்ற மூலைக்கு ஏணி வச்சு ஏறுங்க. தேக்கு விட்டம் சுவருக்குள்ள போற முனையை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. நல்ல மரம்னா நுனி வழுக்கும், உளுத்த மரம்னா அரை அங்குலம் இறங்கி ஈரத்தூள் வரும். கீழே நின்னு பார்த்தா மினுமினுன்னுதான் இருக்கும், ஏன்னா உளுத்தது சுவருக்குள்ள.

கல்லுக்கட்டி:
இவ்வளவு பார்த்தா யாரும் வீடே வாங்க முடியாது. வாங்க ஆளில்லாமத்தான் பாதி வீட்டை இடிச்சுத் தூணும் கதவும் பழைய சாமான் கடைக்குப் போகுது. அதுக்கு உங்களை மாதிரி பயமுறுத்துறவங்கதான் காரணம்.

பள்ளத்தூரான்:
கதவும் தூணும் கடைக்குப் போறதே பங்காளிகள் ஒத்துவராமத்தான். எல்லார் கையெழுத்தையும் ஒரே பத்திரத்துல வாங்குங்க. வராதவர் பங்குக்கு விடுதலைப் பத்திரம் கேளுங்க. ஒருத்தர் குறைஞ்சாலும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

தேவகோட்டை ஆச்சி:
மைனர் இருந்தா கோர்ட் அனுமதியையும் சேர்த்துக்கங்க.

கல்லுக்கட்டி:
வக்கீலுக்குப் பணம் கட்டுறது உங்க இஷ்டம். 30 வருஷம் போதும், இப்பவும் அதைத்தான் சொல்றேன்.

பள்ளத்தூரான்:
என் கேள்விக்குப் பதில் வரலை. கூர்சீட்டு எந்தப் பக்கத்துல வரும்?

கல்லுக்கட்டி:
நத்தத்துல (ஊர்க் குடியிருப்பு நிலத்துல) கூர்சீட்டு இல்லாத வீடும் இருக்கு.

பள்ளத்தூரான்:
எந்தப் பக்கத்துல வரும்?