டிசென்ட் என்பதும் எதிர்ப்பு என்பதும் ஒன்றா?

வாய்க்கால்கரை (கிளிநொச்சி):
சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று எங்கள் கமக்காரர் அமைப்பில் கூட்டம் நடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் முடிவுக்கு உடன்படவில்லை. "என்ரை டிசென்ட்டைக் கூட்டக்குறிப்பில் போடுங்கோ" என்றார். செயலாளர் "எதிர்ப்புத் தெரிவித்தார்" என்று எழுதிவிட்டார். அது பிழை. லத்தீனில் 'டிஸ்' என்றால் விலகி, 'சென்டிரே' என்றால் உணர்தல், எண்ணுதல். கன்சென்ட், சென்டிமென்ட் எல்லாம் அதே வேர்தான். ஆசிரியர் கூட்டத்தைக் குழப்பவில்லை. முடிவின்படி நடப்பேன், என் எண்ணம் வேறு என்றுதான் சொன்னார்.

மாங்குளத்தான்:
வேரைப் பிடித்துப் பொருள் சொல்லாதீர்கள் அண்ணை. தயங்கி மறுப்பதைச் சொல்லும் 'டிமர்' என்ற சொல்லுக்கு லத்தீன் வேரில் தாமதித்தல் என்று பொருள். இன்று யார் அப்படிப் பாவிக்கிறார்கள்? 1662இல் இங்கிலாந்துத் திருச்சபை முழுவதும் ஒரே வழிபாட்டு நூலைப் பின்பற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. மறுத்த குருமார் பதவி இழந்தார்கள். அவர்களையும் டிசென்டர் என்றுதான் அழைத்தார்கள். முடிவின்படி நடந்தவர்களா அவர்கள்?

ஒட்டுசுட்டான் வாசகி:
அது சமயப் பிரிவு. கூட்டக்குறிப்புக்கு நீதிமன்ற வழக்கம்தான் கிட்ட. 1976இல், இந்திய அவசரநிலையின்போது, தடுப்பில் உள்ளவர்கள் தங்களை விடுவிக்கக் கேட்டு நீதிமன்றம் போக முடியாது என்று 4 நீதிபதிகள் சொன்னார்கள். எச். ஆர். கன்னா மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. காரணத்தோடு எழுதி வைத்ததால்தான் கன்னாவின் வாதம் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது.

மாங்குளத்தான்:
நல்லவர் எழுதினால் சரி, தங்கச்சி. 1987இல் மாகாண சபைக்கான 13ஆவது திருத்தம் எங்கள் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது 9 பேரில் 4 பேர் மாறுபட்டார்கள். சர்வசன வாக்கெடுப்பு வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. அது நடந்திருந்தால் எங்களுக்கு அந்தச் சபையும் கிடைத்திராது. எதிர்ப்பு என்றுதான் நான் அதைச் சொல்வேன்.

வாய்க்கால்கரை:
எனக்கும் அந்த டிசென்ட் பிடிக்காது. ஆனால் அவர்கள் ஏன் மறுத்தார்கள் என்று இன்றைக்கும் வாசித்துப் பதில் சொல்லலாம். எங்கள் குறிப்பில் ஆசிரியரின் பெயர் இருக்கிறது, அவர் சொன்ன காரணம் இல்லை. குளத்தில் அவ்வளவு தண்ணீர் நிற்காது என்று கணக்கோடு சொன்னவர் அவர். அடுத்த கூட்டத்தில் "உடன்படவில்லை" என்று திருத்தி, அந்தக் கணக்கையும் சேர்க்கக் கேட்கப்போகிறேன்.

மாங்குளத்தான்:
கணக்கைச் சேருங்கள், அதற்கு நானும் கை தூக்குவேன். "எதிர்ப்பு" என்பதை வெட்ட விடமாட்டேன்.